மூத்திரமா, முத்திரையா? ஆண்நாய் வீட்டுக்குள் காலைத் தூக்கினால்

போன ஆடியில் ஒரு மத்தியானம், தார்சா என்கிற முன்கூடத்து மூலையில் சுருட்டிச் சாத்தியிருந்த பத்தமடைப் பாயை ஆச்சி எடுத்து விரித்தாள். விரித்த வேகத்தில் கீழே போட்டுவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பாய் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. அந்த இடத்தில் மட்டும் கோரை கறுத்து நைந்திருந்தது. அத்தை கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்து வாங்கிய பாய் அது. "சவத்து மூதி, மோள்றதுக்கு ஒனக்கு இந்தப் பாயா கெடச்சுது?" என்று ஆச்சி போட்ட சத்தத்தில், வாசலில் படுத்திருந்த டைகர் காதை மடக்கிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

டைகருக்கு அப்போது ஒன்றரை வயது. தாய் கன்னி இனத்து நாய். தகப்பன் யாரென்பது கடவுளுக்கே வெளிச்சம். மூன்று மாதக் குட்டியாக வந்தவன், அடுத்த மாதத்துக்குள் வெளியே போய்வரப் பழகிவிட்டான். ராத்திரி அவசரம் என்றால் கதவைப் பிராண்டுவான். அப்பேர்ப்பட்டவன் பாயோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் அரிசி மூட்டை, அதற்கடுத்த வாரம் கேஸ் சிலிண்டர். "பழக்கினதெல்லாம் மறந்துட்டான்" என்று வீட்டில் எல்லாரும் முடிவுகட்டினார்கள், நான் உட்பட. அது தப்பு. அவன் எதையும் மறக்கவில்லை. அவன் செய்துகொண்டிருந்தது வேறு வேலை.

நாய் ஒன்றுக்குப் போவதும் காலைத் தூக்கி அடையாளம் வைப்பதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வெளியே வருவதும் ஒரே சரக்குதான். ஆனால் முதலாவது உடம்பின் தேவை, இரண்டாவது சேதி சொல்லும் வேலை. நாய் வளர்ப்பவர்கள் இரண்டாவதை 'மார்க்கிங்' என்பார்கள். மூத்திரம், முத்திரை என்று நான் பிரித்து வைத்துக்கொண்டேன், குழப்பமில்லாமல் இருக்கட்டும் என்று.

பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. மூத்திரப்பை நிறைந்து போகிற நாய் ஓரிடத்தில் நின்று, தரையில் குளம் கட்டுகிற மாதிரி விட்டுவிட்டுத்தான் நகரும். முத்திரை போடும் நாய் முதலில் முகரும், பக்கவாட்டில் திரும்பும், இடுப்பைச் சாய்க்கும், காலைத் தூக்கும். ஒரு தேக்கரண்டி, கூடிப்போனால் இரண்டு, அவ்வளவுதான் விடும். விடும் இடமும் நிமிர்ந்து நிற்கிற ஏதாவது ஒன்றாக இருக்கும்: தூண், கதவு நிலை, சோபா ஓரம், சாத்தி வைத்த பாய். வெளியே நன்றாகப் போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடம் வீட்டுக்குள் காலைத் தூக்கினால் சந்தேகமே வேண்டாம், அது முத்திரைதான். இதில் சேராத இன்னொன்றும் உண்டு. நாம் வீட்டுக்குள் நுழைந்ததும் பாசத்திலோ பயத்திலோ குனிந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு சில நாய்கள் சொட்டுச் சொட்டாக விடும். குட்டிகளிடம் இது சகஜம். அதற்கும் எல்லைக்கும் சம்பந்தமில்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

போஸ்டர் ஒட்டும் சுவர்

பாளையங்கோட்டையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது ஒரு சுவரை நின்று பாருங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மேல் பூப்புனித நீராட்டு விழா, அதன் மேல் கட்சிக்காரர் பிறந்தநாள், அதன் மேல் கோயில் கொடைத் திருவிழா. 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதிய சுவரில்தான் அதிகம் ஒட்டியிருக்கும். யார் வீட்டு விசேஷம், எந்தத் தேதி, ஆள் எவ்வளவு பெரிய கை என்பதெல்லாம் வண்டியில் போகிற போக்கில் தெரிந்துவிடும். பசை காயாதது புதுசு, ஓரம் கிழிந்து தொங்குவது பழசு.

தெருமுனை மின்கம்பம் நாய்களுக்கு இப்படி ஒரு சுவர். வந்துபோனது ஆணா பெண்ணா, தெரிந்த ஆளா புது ஆளா, பெண் என்றால் பருவத்தில் இருக்கிறதா, வந்து எவ்வளவு நேரமாயிற்று என்கிற சேதி எல்லாம் அந்த ஒரு கரண்டி மூத்திரத்தில் இருக்கிறது. படித்த நாய் சும்மா போகாது. பழைய போஸ்டர் மேலேயே தன் போஸ்டரை ஒட்டிவிட்டுத்தான் போகும். பல நாய்கள் முடித்ததும் பின்னங்காலால் மண்ணைப் பறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அசிங்கத்தை மூடுகிறது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். மூடவில்லை. பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசத்தையும் சேர்த்து அங்கே தேய்த்துவிட்டுப் போகிறது.

நம் மூக்கில் மோப்பம் பிடிக்கும் உணரிகள் சில பத்து லட்சம் என்றால் நாய்க்கு அது பல கோடி. அது போதாதென்று மேலண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால், தனியாக ஓர் உறுப்பும் உண்டு. 1813-இல் இதை விவரித்த டென்மார்க் மருத்துவரின் பெயரால் ஜேக்கப்சன் உறுப்பு என்பார்கள். இது வேலை செய்வதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. டைகர் அதன் அடியில் முகர்வான், நாக்கால் ஒரு நக்கு நக்குவான், அப்புறம் கண் எங்கோ சொருகப் பல்லை டகடகவென்று அடித்துக்கொண்டு வாயோரம் நுரை தள்ள நிற்பான். முதல் தடவை பார்த்தபோது வலிப்பு வந்துவிட்டதோ என்று நான் வெலவெலத்துப் போனேன். அவன் போஸ்டர் படித்துக்கொண்டிருந்தான்.

ஆண்குட்டி ஆரம்பத்தில் பெண்குட்டி மாதிரி உட்கார்ந்தவாக்கில்தான் போகும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஏற ஏறக் கால் தூக்கத் தொடங்கும். அப்போதுதான் முத்திரை வேலையும் சூடுபிடிக்கும். பெண்நாய்களும் போடும், குறிப்பாகப் பருவ நேரத்தில். ஆனால் கச்சேரி என்னவோ ஆண்களுடையதுதான். 2018-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்து எழுதினார்கள். குள்ளமான ஆண்நாய்கள் தங்கள் உடம்பு அளவுக்கு மீறிக் காலை உயர்த்திப் போடுகின்றனவாம். ஏணி வைத்து ஒட்டினால் பெரிய கட்சி போலத் தெரியும், இல்லையா? பொமரேனியன் வளர்க்கிறவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

வீட்டுக்குள் ஏன்?

தெருவில் ஒட்டட்டும், அது அவர்கள் ராஜ்ஜியம். வீட்டுக்குள் எதற்கு? வீட்டுக்குள் அவன் பதில் சொல்ல வேண்டிய போஸ்டர் ஒன்று வந்திருந்தால்தான் அநேகமாக இது நடக்கும். நாம்தான் அதைக் கொண்டுவந்திருப்போம், தெரியாமல்.

எங்கள் வீட்டில் அந்தக் குற்றவாளி என் மோட்டார் பைக். நான் தினமும் சேரன்மகாதேவியிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போய்வருகிறவன். போக 20 கிலோமீட்டர், வர 20 கிலோமீட்டர். ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க வண்டி நிற்கும். அங்கே உள்ள தெருநாய்களில் ஒன்றாவது டயரில் காலைத் தூக்காமல் இருந்திருக்காது. ராத்திரி அதே வண்டியைத் தூக்கி தார்சாவில் நிறுத்துவேன். அதாவது ஜங்ஷன் நாய்களின் போஸ்டரைத் தினம் ஒன்றாகக் கொண்டுவந்து டைகரின் வீட்டு நடுவில் நிறுத்தியிருக்கிறேன். பின் டயரிலிருந்து இரண்டடி தள்ளி பாய். பாயிலிருந்து நாலடியில் அரிசி மூட்டை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. ஒரு நாள் நான் வண்டியை நிறுத்தியதும் அவன் என்ன செய்கிறான் என்று பேசாமல் நின்று பார்த்தேன். முன் டயரை அரை நிமிடம், பின் டயரை இரண்டு நிமிடம் படித்தான். டயரில் ஒரு சொட்டு வைத்தான். நேராகப் பாய் இருந்த மூலைக்குப் போனான்.

உங்கள் வீட்டில் அது வண்டியாக இல்லாமல் வேறொன்றாக இருக்கும். நாய் உள்ள வீட்டிலிருந்து வந்த விருந்தாளியின் பெட்டி, செருப்பு. பழைய சாமான் கடையில் வாங்கிய நாற்காலி. கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்று முறைக்கும் அடுத்த தெருக் கடுவன், அதாவது ஆண்நாய். பருவத்துக்கு வந்த பெண்நாய் எங்கோ நாலு தெரு தள்ளி இருந்தாலும் போதும். பருவம் சுமார் மூன்று வாரம் நீடிக்கும். அந்த மூன்று வாரமும் ஊரில் உள்ள கடுவன்களுக்கு வேறு யோசனையே ஓடாது. மழைக்காலத்தை ஒட்டி இந்தத் தொல்லை கூடுவதை நம் தெருக்களில் பார்க்கலாம்.

இன்னொரு காரணம் பயமும் கலக்கமும். புதுக் குழந்தை, வீடு மாற்றம், வழக்கமாகச் சோறு போடுகிறவர் ஊருக்குப் போய்விடுவது. தன் இடம் ஆட்டம் காண்கிறது என்று நாய்க்குத் தோன்றினால், தன் வாசத்தை நாலு இடத்தில் தெளித்து ஆறுதல் தேடிக்கொள்ளும். புதுக் குழந்தையின் தொட்டில்காலில் மோண்டால் பொறாமை என்பார்கள், பழிவாங்குகிறது என்பார்கள். நாய்க்கு அவ்வளவு பெரிய திட்டமெல்லாம் கிடையாது.

முதலில் டாக்டர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். முத்திரை என்று நாம் நினைப்பது சில சமயம் நோயாக இருக்கும். மூத்திரத்தில் ரத்தம், முக்கி முக்கிச் சொட்டுவிடுவது, தூக்கத்தில் கசிவது, திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பது, வயதான கடுவன் மலம் கழிக்கவும் சிரமப்படுவது: இதில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மூத்திரப்பைத் தொற்று, கல், சர்க்கரை, புராஸ்டேட் வீக்கம் என்று பல காரணம் இருக்கலாம். காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தும் ஒன்றுமே வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கல் அடைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் முடியாததற்கு திருநெல்வேலியை ஒட்டிய ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் குறையும் என்று கணக்குப் போட்டுத் தண்ணிச் சட்டியை எடுத்து வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அது கொடுமை. முத்திரைக்கு ஒரு தேக்கரண்டி போதும். அதை அது எப்படியும் மிச்சம் பிடித்து வைத்திருக்கும்.

போஸ்டரைக் கிழிப்பது

வேலையில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. வாசம் போகாத இடத்துக்கு நாய் திரும்பத் திரும்ப வரும். நம் மூக்குக்குப் போய்விட்டது என்பது ஒரு பேச்சே இல்லை.

நம் வீடுகளில் முதலில் கை போவது ஃபினாயிலுக்கு. நானும் மூன்று வாரம் அதைத்தான் ஊற்றினேன். ஃபினாயில் வாசத்தை மறைக்கும், அழிக்காது. நாயின் மூக்குக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும். சாம்பாரில் பெருங்காயம் போட்டால் பருப்பு இல்லாமலா போய்விடும்? தவிர, கறுப்பு ஃபினாயில் ஈரத்தில் நடந்து காலை நக்கும் நாய்க்கு அது விஷம். அம்மோனியா கலந்த கிளீனர்கள் இன்னும் மோசம். மூத்திரத்தில் உள்ள யூரியா கெட்டு அம்மோனியாவாகத்தான் மாறும். அதையே ஊற்றித் துடைத்தால் நாமே ஒரு போஸ்டர் ஒட்டிக் கொடுத்த மாதிரி. பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போடவே வேண்டாம். கண்ணையும் மூச்சையும் எரிக்கிற வாயு கிளம்பும்.

வேலைக்கு ஆவது என்சைம். மூத்திரத்தில் வாசம் தரும் பொருள்களை உடைத்துவிடும் என்சைம் கலந்த திரவங்கள் செல்லப்பிராணிக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் என்சைம் உள்ள துணி சோப்புத்தூள் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் கூடாது, சூட்டில் என்சைம் செத்துவிடும். முன்னாடியே ஃபினாயில் ஊற்றியிருந்தால் அதை நன்றாகக் கழுவி எடுத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். பழைய துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள். பிறகு திரவத்தை நன்றாக நனைய ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். சோப்புத்தூள் கரைசல் என்றால் கடைசியில் அலச வேண்டும். அவசரப்பட்டு உடனே துடைத்துவிட்டால் காசுதான் வீண்.

வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைப்பதும் ஓரளவுக்கு உதவும், டைல்ஸ் தரையில். கடப்பா கல்லிலும் மார்பிளிலும் வினிகர் படவே கூடாது. இரண்டும் சுண்ணாம்புக் குடும்பம். புளிப்பு பட்டால் பளபளப்பு போய் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். எங்கள் திண்ணையில் அப்படி ஒரு திட்டு இருக்கிறது. என் கைவண்ணம். பழைய சிமெண்ட் தரையும் சுண்ணாம்புச் சுவரும் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் இரண்டு மூன்று தடவை ஊற்றிக் காயவைக்க வேண்டியிருக்கும். பாயை மட்டும் என்னால் மீட்க முடியவில்லை. கோரைக்குள் இறங்கியது இறங்கியதுதான்.

எங்கெல்லாம் போட்டிருக்கிறான் என்று தெரியாமல் எதைக் கழுவுவது? அதற்கும் வழி உண்டு. ரூபாய் நோட்டைச் சோதிக்க வைத்திருப்பார்களே, ஊதா வெளிச்ச டார்ச், அந்த மாதிரி ஒன்று வாங்கினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, சுவரோரமாகக் குந்திக் குந்தி அடித்துப் பார்த்தேன். காய்ந்த மூத்திரம் இருக்கும் இடம் மங்கலான மஞ்சள் பச்சையில் மினுங்கும். மூன்று இடம் இருக்கும் என்று நினைத்தவனுக்குப் பதினொன்று கிடைத்தது. கேஸ் சிலிண்டரின் பின்பக்கம், பீரோ கால், தையல் மிஷின் மிதிபலகை, அடுப்பங்கரை நிலைக்கதவு. "கரண்டு இருக்கும்போதே இருட்டுக்குள்ள உக்காந்து என்னலே தேடுத, கோட்டி புடிச்சிருக்கா?" என்றாள் ஆச்சி. நிலைக்கதவைக் காட்டினேன். அதற்குப் பிறகு டார்ச்சை அவளே வாங்கிக்கொண்டாள். சோப்புக் கறைகூட இந்த வெளிச்சத்தில் மினுங்கும் என்பதால் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்து, காலையில் முகர்ந்து உறுதிசெய்துகொண்டோம். முகர்ந்தது நான்.

கழுவும்போது கையில் உறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் மூத்திரத்திலும் வெளியேறும். நெல் விளையும் ஊர்களில் எலிக்குப் பஞ்சமில்லை. நாய்க்கு இதற்குத் தடுப்பூசி உண்டு, வருடாந்திர ஊசியோடு போட்டுவிடலாம்.

கண் வைப்பதும் கைக்கு எட்டுவதும்

வாசம் போனபின் மிச்சமிருப்பது பழக்கம். கால் தூக்கித் தூக்கி அது அவனுக்குக் கைவந்த கலையாகிவிட்டிருக்கும். அதை உடைக்க ஒரே வழி, சில வாரங்களுக்கு வீட்டுக்குள் ஒரு தடவைகூட அது நடக்காமல் பார்த்துக்கொள்வது. கேட்க மலைப்பாக இருக்கும். செய்யச் சலிப்பாகவும் இருக்கும், உண்மையைச் சொன்னால்.

நான் செய்தது இது. வீட்டில் இருக்கும்போது டைகரின் வாரை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். நான் போகும் இடமெல்லாம் அவனும் வருவான். அவன் மூக்கு தரையை விட்டுச் சுவருக்கு ஏறியதும் எனக்குத் தெரிந்துவிடும். மூக்கு ஏறினால், உடம்பு திரும்பும். உடம்பு திரும்பினால், கால் எழும்பும். இந்த மூன்றுக்கும் நடுவில் மூன்று விநாடி கிடைக்கிறது. அதற்குள் "ஏல டைகர், வா வா!" என்று உற்சாகமாகக் கூப்பிட்டு வாசலுக்கு ஓட வேண்டும். அதட்டல் கூடாது. புறவாசலில் ஒரு உடைந்த கல்தூண் கிடந்தது, அதை நட்டுவைத்தேன். அதில் காலைத் தூக்கியதும் அவித்த முட்டையில் ஒரு துண்டு. வீட்டுக்குள் துடைத்த துணி ஒன்றை அந்தத் தூணில் முதல் நாள் தேய்த்தும் வைத்தேன், இதுதான் உன் சுவர் என்று புரியட்டும் என்று. ஆச்சி காலையில் சாணி தெளிக்கும்போது அந்தத் தூணையும் சேர்த்துக் கழுவிவிட்டாள். மறுநாளிலிருந்து அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். நாய்க்கென்று ஒரு சுவர் இருந்தாக வேண்டும்.

கண் வைக்க முடியாத நேரத்தில் அவனை ஒரே அறையில் விடுவது நல்லது. அவன் வழக்கமாக முத்திரை போடும் மூலையிலேயே சோற்றுத் தட்டை வைப்பதும், சாக்கை விரித்துப் படுக்க வைப்பதும் பலன் தரும். உண்ணும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் நாய் பெரும்பாலும் அசிங்கம் செய்யாது. கம்பிக் கதவு வழியாகத் தெருக் கடுவனைப் பார்த்துக் கொதிக்கிற நாய் என்றால், கதவின் கீழ்ப்பாதியைப் பலகையோ சாக்கோ வைத்து மறைத்துவிடுங்கள். நடக்கக் கூட்டிப் போகும்போது இழுத்துக்கொண்டு ஓடாமல் நாலு மரத்தடியிலாவது நின்று படிக்க விடுங்கள். ஊர்ச் சேதியெல்லாம் வெளியே பேசித் தீர்த்துவிட்டு வருகிறவன் வீட்டுக்குள் கொஞ்சம் அடங்கித்தான் இருப்பான்.

அடி விஷயம். எங்கள் சித்தப்பா பழைய முறைக்காரர். பாய் விவகாரம் தெரிந்ததும் டைகரின் கழுத்தைப் பிடித்துப் பாயில் மூக்கைத் தேய்த்து முதுகில் ஒன்று வைத்தார். பாயில் மோண்டது எப்போதோ, அடி விழுந்தது இப்போது. நாய்க்கு இந்த இரண்டையும் முடிச்சுப் போடத் தெரியாது. அவன் படித்த பாடம் ஒன்றே ஒன்று: சித்தப்பா இருக்கும்போது கால் தூக்கக் கூடாது. அப்புறம்தான் சிலிண்டரின் பின்பக்கமும் பீரோ காலும். ஆள் பார்க்காத இடமாகத் தேடிப் பிடித்தான்.

பாட்டிலில் நீலம் கலந்த தண்ணீரை ஊற்றி வாசலில் தொங்கவிடுவது நம் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. நாய்க்கு நீலம் நன்றாகவே தெரியும். சிவப்புக்கும் பச்சைக்கும்தான் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதைப் பார்த்து அது ஏன் பயப்பட வேண்டும்? எங்கள் எதிர் வீட்டில் பாட்டிலைத் தொங்கவிடாமல் படியோரம் நிறுத்தி வைத்தார்கள். நிமிர்ந்து நிற்கிற பொருள். இரண்டாம் நாளே டைகர் அதில் ஒன்று போட்டான். மிளகாய்ப்பொடி தூவுவதைப் பற்றிப் பேசவே எனக்கு இஷ்டமில்லை.

கத்தி வைப்பதா?

கருத்தடை ஆபரேஷன், அதாவது விதைகளை எடுத்துவிடுவது. ஊரில் காயடிப்பது என்று சொல்லிவிடுவதால் காளைக்குக் கிட்டி போட்டு நசுக்கிய காலம் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிடுகிறது. இது மயக்க மருந்து கொடுத்து, தையல் போட்டு முடிக்கிற வேலை. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

முத்திரை நிற்குமா? நிறையக் குறையும், ஆனால் எல்லாருக்கும் முற்றிலும் நிற்காது. அமெரிக்காவில் 57 ஆண்நாய்களை வைத்து நடந்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சொன்னது. பத்துக்கு ஆறு நாய்களிலாவது முத்திரை பாதிக்கு மேல் குறைந்தது. கிட்டத்தட்ட முழுசாக நின்றது நாலில் ஒன்றிலிருந்து பத்தில் நாலு வரைதான். வயது கூடிப்போயிற்று, பழக்கம் முற்றிப்போயிற்று, இனி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது: நாயின் வயதோ, எவ்வளவு காலமாகச் செய்கிறது என்பதோ பலனைத் தீர்மானிக்கவில்லை. ஹார்மோன் சீக்கிரமே இறங்கிவிடும். பழக்கம் இறங்க வாரங்கள், சில நாய்களுக்கு மாதங்கள் ஆகும். பயத்தினால் போடுகிற முத்திரைக்கு ஆபரேஷன் அவ்வளவாக உதவாது. கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் மாதிரி நெடுநெடு என்று வளரும் இனங்களுக்கு எலும்பு முற்றும்வரை காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. எப்போது என்பதை உங்கள் நாயைப் பார்த்து அவர் சொல்லட்டும்.

"காயடிச்சா காவலுக்கு ஆவாது, பாவமும்லா" என்றாள் ஆச்சி. பாவ புண்ணியம் அவரவர் மனசு. காவலைப் பொறுத்தவரை, டைகர் இன்றைக்கும் பால்காரரை உள்ளே விடுவதில்லை. புரட்டாசியில் செய்தோம். மாறியது இரண்டு: மாதத்துக்கு ஒருமுறை வேலி தாண்டி ஓடுவது நின்றது, உடம்பு கொஞ்சம் போட்டது. சோற்றை ஒரு கை குறைத்து, நடையை ஒரு தெரு கூட்டினோம்.

இடையில் வயிற்றுப் பட்டை என்று ஒன்று வாங்கிப் பார்த்தேன். இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற துணி, உள்ளே ஒரு பஞ்சு வைக்கலாம். "நாய்க்குக் கோவணம்" என்று தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். விருந்துக்கு ஒரு வீட்டுக்குப் போகும்போது, பயணத்தின்போது உதவும். அதுவே வைத்தியம் ஆகாது. மூன்று நாலு மணிக்கொரு தரம் கழற்றி மாற்றாவிட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் வெந்துபோகும்.

எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. கார்த்திகையில் ஊதா டார்ச்சில் புதிதாக ஒன்றும் மினுங்கவில்லை. சித்திரையில் கோயில் கொடை வந்தது. வேட்டுச் சத்தம், விடிய விடிய நையாண்டி மேளம், வீடு நிறைய சொந்தக்காரர்கள். சென்னையிலிருந்து வந்த அத்தான் வீட்டில் லாப்ரடார் இருக்கிறது. அவருடைய பெட்டியை தார்சாவில் நிமிர்த்தி வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. யாரும் டைகரை அடிக்கவில்லை. ஆச்சி எழுந்து போய் சோப்புத்தூள் டப்பாவை எடுத்து வந்தாள், வெந்நீர் கூடாது என்று அத்தானுக்கே பாடம் எடுத்தாள். கொடை முடியும்வரை வந்தவர்கள் பெட்டியெல்லாம் கட்டில் மேல் ஏறியது. டைகர் மேளச்சத்தம் கேட்காத பின்கட்டில் தன் சாக்கோடு இருந்தான்.

வண்டி இப்போது முற்றத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நிற்கிறது. மழை அடித்துப் பெய்தால் மட்டும் உள்ளே ஏற்றுவேன், இரண்டு டயரையும் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு. கழுவும்போது டைகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பான்.